நீலா நின்றுபோன காரணம்

போன செவ்வாய்க்கிழமை ஷர்மிளா போன் செய்தாள். லூமுட்டில் நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த படகுப் பட்டறைக்கு இப்போது அவள்தான் மேனேஜர். பழைய பழுதுப் புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு வரியில் வந்து மாட்டிக்கொண்டாளாம்.

“அங்கிள், நீலப் படகு, எஞ்சின் கடல்ல நின்னுருச்சுன்னு எழுதியிருக்கீங்க. காரணம்ங்கிற கட்டத்துல ஒன்னுமே இல்ல. கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் அடுத்த வரிக்குப் போக மாட்டேங்குது லா.”

“வயசாயிருச்சுன்னு போடு.”

“அப்ப அந்தப் படகுக்கு மூனு வயசுதான் அங்கிள். பார்த்துட்டேன்.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பொய் சொல்வது பெரிய பாடாக இருக்கிறது. யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதே நான்தான். ஆனால் அதைச் சொல்ல ஒரு கட்டம் போதாது. ஆகவே இது.

நான் பிறந்தது சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், இளவயதில் எனக்கும் கடலுக்கும் இருந்த ஒரே உறவு கருவாடு. நீச்சல் தெரியாது, இன்றுவரை தெரியாது. பதினேழு வயதில் ஈப்போவுக்குப் போய், லகாட் சாலையில் லோரிக்குக் கித்தான் தைக்கும் கடையில் சேர்ந்தேன். அங்கே இருபத்து மூன்று வருடம். அதைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும். எங்கள் தௌக்கே, கடை முதலாளி, தைத்து முடித்த கித்தானைச் சட்டத்தில் விரித்துக் கட்டி, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். எங்காவது ஒரு கைப்பிடித் தண்ணீர் தேங்கி நின்றாலும் தையல் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். கித்தானில் தொய்வு இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கும், தேங்கினால் கிழியும், கிழிந்தால் சரக்கு நனையும். தொய்வு என்பது எனக்குக் கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் கொடிக்கயிறு தொய்ந்தால்கூட எழுந்து போய் இழுத்துக் கட்டுவேன். என் மனைவி இதற்காகவே பல நாள் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

பிறகு எல்லா லோரியிலும் மெஷினில் செய்த பிளாஸ்டிக் உறை வந்தது. கடை மூடப்பட்டது. மனைவியின் ஊர் சித்தியவான், அவள் தம்பி முனியாண்டி லூமுட் படகுப் பட்டறைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் வழி சொன்னான்.

“பாய்மரப் படகுக்குப் பாய் தைக்க ஆளு தேடுறாங்க மச்சான். பாய்னா என்னா, நிக்க வச்ச கித்தான்தானே?”

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று மாதம் நான் நம்பினேன். எல்லா வம்பும் அதிலிருந்து வந்தது.

பட்டறைக்கு மண்டோர் சவரிமுத்து அண்ணன். மண்டோர் என்பது தோட்டத்துச் சொல், ஆனால் மேற்பார்வை பார்ப்பவரை நாங்கள் கடற்கரையிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டுகளை ஃபாதரிடம் கேட்டு வாங்கி வருவார். பாய்மரத்தின் முதுகில் மேலிருந்து கீழாக ஒரு நீளப் பள்ளம் ஓடும். பாயின் ஓரத்தில் தைத்திருக்கும் சிறு கட்டைகள் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஏறி இறங்கும். கட்டைகளில் மெழுகைத் தேய்த்தால் பாய் சிக்காமல் ஏறும். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும், பாயிலும் கறை படியும்.

“அந்தோணியார் மெழுகாண்ணே, மாதா மெழுகா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏறுதா இல்லியா, அத பாரு.”

அவர் யாரையும் திட்டியதில்லை. தப்பு செய்தால் செய்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். படகின் பக்கவாட்டில் கையை வைத்து, “மன்னிச்சிக்கமா, புது ஆளு” என்பார். படகிடம்தான். எல்லாப் படகும் அவருக்கு ‘மா’. வெள்ளைக்காரர் படகு, மலாய்க்காரர் படகு, சீனர் படகு, எதுவானாலும் மன்னிப்பு தமிழில்தான். பக்கத்தில் நிற்கிற எனக்கு உடம்பு கூசும். ஈப்போ தௌக்கே மரக்கோலால் முட்டியில் தட்டியபோதுகூட இவ்வளவு வலித்ததில்லை.

முதல் வாரமே எனக்கு அந்த மன்னிப்பு கிடைத்தது. ஒரு படகின் பாயில் சிவப்பிலும் பச்சையிலும் கம்பளி நூல் துண்டுகள் தொங்குவதைப் பார்த்தேன். வெளுத்து, நைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. லோரிக்காரனுக்கு இது தெரியாதா? திருஷ்டிக்குக் கட்டியது. படகுக்காரர்கள் பக்தி உள்ளவர்கள் போல, ஆனால் புதுப்பிக்க நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். பழசை எல்லாம் அறுத்தெறிந்தேன். நல்ல கறுப்பு நூலாக எடுத்து, காற்றில் பறந்துவிடாதபடி பாயோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டுத் தைத்தேன். செய்வதை முழுமையாகச் செய்வோம் என்று, படகின் மூக்கில் ஓர் எலுமிச்சம்பழமும் ஐந்து பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினேன்.

சவரிமுத்து அண்ணன் வந்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். கறுப்பு நூலைப் பார்த்தார்.  பிறகு படகின் மேல் கையை வைத்தார்.

“மன்னிச்சிக்கமா. புது ஆளு.”

அதன் பிறகுதான் விளக்கினார். அந்த நூல்கள் காற்று பாயின் மேல் எப்படிப் போகிறது என்று காட்டுகிறவை. பாயின் இரண்டு பக்கத்து நூலும் நேராகப் பின்னால் பறந்தால் பாய் சரியாக நிற்கிறது. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் பாயின் கயிற்றை இழுக்க வேண்டும். மறுபக்கத்து நூல் துள்ளினால் கயிற்றை விட வேண்டும். “ரெண்டும் செத்த மாதிரி தொங்குச்சுன்னா?” என்று கேட்டேன். “அப்ப நீ என்னமோ பண்ணிட்டன்னு அர்த்தம்” என்றார். எலுமிச்சம்பழத்தை மட்டும் அவர் கழற்றச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மீன்குழம்புக்குப் பிழிந்துகொண்டோம்.

வின்சிலும் இதே கதைதான். காற்று வலுத்தால் கயிற்றை வெறுங்கையால் இழுக்க முடியாது. அதற்காகக் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் உருளை ஒன்று படகில் இருக்கும், அதுதான் வின்ச். கழற்றினால் உள்ளே சக்கரங்களும், ஸ்பிரிங் வைத்த குட்டிப் பற்களும் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சக்கரங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ், பற்களுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. நான் தாராள மனசோடு பற்களிலும் கிரீஸை அப்பினேன். கிரீஸ் இறுகினால் பற்கள் விரியாது, பாரம் ஏறும்போது உருளை பின்பக்கம் சுற்றிக் கைப்பிடி முகத்தில் அடிக்கும். இதை அண்ணன் வின்சிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தார்.

“பல்லுல கண்டத பூசாதன்னு நானும் முப்பது வருஷமா சொல்றேன். யாரு கேக்குறா?”

அவர்தான் டாக்டர் புஷ்பவதி. ஈப்போவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிய மறுவருடம், யாரிடமும் கேட்காமல் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிட்டார். முப்பத்திரண்டு அடி, அவர் மகனைவிட வயதில் மூத்தது. தன் அம்மாவின் பெயரை வைத்தார், கனகா. லூமுட்டில் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, கனகாவைத் தேய்ப்பதும் துடைப்பதுமாக இருப்பார். நல்ல கை. கயிற்றைப் பிடித்தால் நடுங்காது.

ஆனால் கனகா அதற்குள் இரண்டு தடவை மானத்தை வாங்கியிருந்தாள். ஒருமுறை பாய் பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது. இன்னொரு முறை மிதந்து வந்த கயிறு சுழல்விசிறியில் சுற்றி எஞ்சின் கெட்டது. அதைப் பிரித்துப் பினாங்குக்கு அனுப்பியிருந்தோம், சாமான் வர மாதக்கணக்கு ஆகும் என்றார்கள். இரண்டு தடவையும் பட்டறையின் நீலப் படகு, நாங்கள் நீலா என்று கூப்பிடுவது, கனகாவைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கரையில் சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் போனில் படம் எடுத்தார்கள். கனகா கரைக்கு வருவதற்கு முன்னாலேயே படம் கோலாலம்பூரில் இருந்த மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மகன் கௌதம் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எது எப்படி உடையும், யார் எங்கே விழுவார் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்வதுதான் அவன் தொழில். அப்படிப்பட்டவனுக்குப் பழைய படகில் தனியாகச் சுற்றும் அறுபத்து மூன்று வயது அம்மா. அவன் தூங்கியிருக்க மாட்டான், பாவம். அம்மாவும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வரும் ஞாயிறு அவன் வருவான். கனகா அவனையும் ஏற்றிக்கொண்டு பங்கோர் தீவுப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவது தடவையாக நீலா கனகாவை இழுத்துக்கொண்டு வந்தால், படகை விற்றுவிட வேண்டும். டாக்டர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாங்குவதற்கும் ஆள் தயாராக இருந்தார். கடலுணவுக் கடைக்காரர் ஒருவர். கனகாவைக் கடை வாசலில் சிமெண்டு போட்டு நிறுத்தி, உள்ளே நாலு மேசை போடப்போகிறாராம். பாய்மரத்தில் கலர் பல்பு.

“எங்கம்மா பேரு வச்ச படகுல ஒக்காந்து நண்டு ஒடைப்பாங்களா மாரி?” என்று டாக்டர் என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் துடைத்துக்கொண்டிருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அந்த வாரம் பார்த்து சவரிமுத்து அண்ணன் கோயில் திருவிழாவுக்காக மூன்று நாள் விடுப்பில் போனார். போகுமுன் கனகாவின் பெரிய பாயை என்னிடம் கொடுத்தார்.

“நல்ல தண்ணில கழுவி உப்ப எடு. நெழல்ல காய வை. அடி ஓரத்துல ரெண்டு எடத்துல தையல் விட்டிருக்கு, அத மட்டும் போடு. அத மட்டும்.”

அத மட்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு தடவைதான் கேட்டிருப்பேன் போல.

கழுவினேன், காயவைத்தேன். பட்டறைத் தரையில் விரித்தேன். பாய் படுக்க மாட்டேன் என்றது. நடுவில் அங்கங்கே புடைத்துக்கொண்டு நின்றது. அதிலும் அடி ஓரத்தில், நீளமாக ஓர் இலை வடிவத்தில், மெல்லிய துணி ஒன்று தொளதொளவென்று உபரியாகத் தொங்கியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை தொய்வோடு ஒரு கித்தானை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இரண்டு தடவை கனகா மானம் போனதற்கு இதுதான் காரணம் என்று முடிவே செய்துவிட்டேன். டாக்டரின் முகம் வேறு கண்ணுக்குள் நின்றது.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்த இலைத் துணியை மடித்து உள்ளே தள்ளி, மெழுகு ஏற்றிய நூலால் இரட்டைத் தையல் போட்டேன். லோரிக் கித்தானுக்குப் போடுகிற தையல், நாற்பது மைல் வேகத்தில் மழையில் போனாலும் பிரியாதது. முடித்ததும் பழக்க தோஷத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. பெருமையாக இருந்தது. மடித்து உறைக்குள் போட்டு, சனிக்கிழமையே கனகாவில் ஏற்றி, எல்லாக் கயிற்றையும் விரலால் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இழுத்துக் கட்டினேன்.

ஞாயிறு காலை பூசை முடித்து அண்ணன் நேராக வந்தார். உறைக்கு வெளியே தெரிந்த தையல் நுனியை மட்டும் பார்த்து, “நல்லா போட்டிருக்க” என்றார். விரித்துப் பார்க்க நேரமில்லை. கௌதம் வந்துவிட்டான். காடியை விட்டு இறங்கிய இடத்திலேயே உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தான். கனகாவில் டாக்டர், கௌதம், உதவிக்கு நான். பாதுகாப்புக்கு நீலாவும் பின்னால் வர வேண்டும் என்று கௌதம் கண்டிப்பாகச் சொன்னதால், நீலாவில் சவரிமுத்து அண்ணன் தனியாக.

கனகா கரையை விட்டுத் தள்ளி ஒரு மிதவையில் கட்டப்பட்டிருந்தாள். பாயை ஏற்றினோம். மெழுகு புண்ணியத்தில் சரசரவென்று ஏறியது. பலகை மாதிரி நிமிர்ந்து நின்றது, ஒரு சுருக்கம் இல்லை. மிதவைக் கயிற்றை அவிழ்த்ததும் கனகா நகர்ந்தாள். பக்கவாட்டில்.

“இப்படித்தான் போகுமா?” என்று கௌதம் கேட்டான்.

“காத்து கம்மி” என்றார் டாக்டர்.

காற்று கம்மி இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் படகு பாயைப் புடைத்துக்கொண்டு சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் நீரோட்டம் இழுத்த பக்கம் போனோம். டாக்டர் கயிற்றை இழுத்தார், விட்டார், சுக்கானைத் திருப்பினார். நான் பாயில் இருந்த சிவப்பு நூலைப் பார்த்தேன், பச்சை நூலைப் பார்த்தேன். இரண்டும் செத்த மாதிரி தொங்கின.  தூரத்தில் நீலாவில் அண்ணன் தூரக்கண்ணாடியால் எங்கள் பாயைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார். நீலாவின் ஓரத்தில் மெல்லக் கையை வைத்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குக் காதில் விழ வேண்டிய அவசியமே இல்லை.

“டாக்டர்,” என்றேன், “அடியில தொங்குச்சே ஒரு துணி, அது எதுக்கு?”

“அதானே பாய்க்கு வயிறு. காத்து அதுல நெறஞ்சாத்தான் படகு போகும். ஏன் மாரி?”

“தச்சிட்டேன்.”

அவர் பாயின் அடியைத் தாங்கும் குறுக்குத் தடியை எட்டிப் பார்த்தார். என் இரட்டைத் தையல் கம்பீரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எதுக்கு மாரி?”

“தண்ணி தேங்கும்னு” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அழுகை வந்தது. நிற்க வைத்த துணியில் தண்ணீர் எப்படித் தேங்கும்? மூன்று மாதத்தில் முதல் தடவையாக அப்போதுதான் அதை யோசித்தேன்.

கத்தியை எடுத்தேன். பாயைச் சேர்த்து வெட்டிவிடுவேன் என்று டாக்டர் பிடுங்கிக்கொண்டார். நூலை நகத்தால் இழுத்தேன், பல்லால் கடித்தேன். லோரித் தையல், அசையவில்லை. என் தொழில் சுத்தத்தை நானே சபித்தேன். டாக்டர் தன் கைப்பையைத் துழாவினார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அதில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். உள்ளே பல் ஊத்தை சுரண்டும் வளைந்த கொக்கிகள் இரண்டு.

“கௌதம், வந்து சுக்கானப் புடி.”

“மா, எனக்குத் தெரியாது.”

“அந்தக் கரையில தெரியுதே தண்ணித் தொட்டி, அதப் பாத்து நேரா வச்சிரு, போதும்.”

டாக்டர் தடியின் ஒரு முனையில் உட்கார்ந்தார், நான் மறுமுனையில். அவர் கொக்கியை ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் கொடுத்து, லேசாக நெம்பி, நூலைத் தூக்கினார். துணியில் கீறல் விழவில்லை. நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெயில் ஏறியது. “வாயத் தொறம்மா, இன்னும் கொஞ்சம்” என்று பாயிடம் அவர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். படகில் ஏறினால் எல்லாருக்கும் இந்த வியாதி வந்துவிடுகிறது. கௌதம் சுக்கானைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அது ஆபத்து, இது ஆபத்து என்று ஆரம்பத்தில் அடுக்கிக்கொண்டு வந்தவன், கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் இரண்டு பேரும் சந்தித்தோம். கடைசித் தையலை டாக்டர் நெம்பினார். மடிப்பு படாரென்று விரிந்தது. பாய்க்கு வயிறு வந்தது. சிவப்பு நூல் எழுந்தது, பச்சை நூல் எழுந்தது, இரண்டும் நேராகப் பின்னால் பறந்தன. கனகா சாய்ந்துகொண்டு புறப்பட்டாள்.

“மா, சாயுது.”

“சாயணும்டா.”

பங்கோர் பக்கம் போய், ரொட்டியும் சம்பல் சார்டினும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். நான் ரொட்டியை விழுங்கினேனே தவிர ருசி தெரியவில்லை. காலையில் இழந்த இரண்டு மணி நேரம் எங்களைப் பிடித்துக்கொண்டது. திரும்பும்போது நீரோட்டம் எதிரே மாறியிருந்தது, காற்றும் சற்றுத் தணிந்தது. கரை கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் கிட்ட வர மாட்டேன் என்றது. கௌதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அன்று மாலையே அவன் கோலாலம்பூர் திரும்ப வேண்டும்.

“போதும்மா. ஓடுது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா பின்னால இன்னொரு படகு வந்தாத்தான் இது போகும்னா, அது என்னா படகு?”

எழுந்து நின்று நீலாவுக்குக் கையை ஆட்டினான். அண்ணன் நீலாவைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“அங்கிள், கயிற வீசுங்க. இழுத்துட்டுப் போயிருங்க.”

 வாக்கு வாக்குதான் என்று டாக்டர் நினைத்திருப்பார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாயையே பார்த்தார். நான் தைத்த ஊசி ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக அவர் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நண்டு உடைக்கிற மேசைகளுக்கு அந்தப் படகைத் தைத்துக் கொடுத்தவன் நான்தான்.

சவரிமுத்து அண்ணன் டாக்டரைப் பார்த்தார். பிறகு, “என்னமோ சத்தம் வருது” என்று எஞ்சின் மூடிப் பக்கம் குனிந்தார். எனக்கு வழக்கமான எஞ்சின் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து, கயிற்றைக் கையில் எடுத்து, நிதானமாக வளையம் வளையமாகச் சுற்றினார். அவர் அவ்வளவு நிதானமாகக் கயிறு சுற்றி நான் பார்த்ததே இல்லை. நீலா ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

கடலில் சத்தமே இல்லை.

“ரோசாக் லா, கெட்டுப்போச்சு” என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். இரண்டு தடவை சாவியைத் திருப்பினார். எழவில்லை. பிறகு கயிற்றை என் பக்கம் வீசினார். “பின்னால கட்டு மாரி. டாக்டர், நீங்கதான் இழுத்துட்டுப் போகணும் போல.”

கட்டினேன். நான் இறுக்கிக் கட்டியதில் அன்று உருப்படியானது அந்த முடிச்சு ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் கடற்காற்று திரும்ப எழுந்தது. கனகா பெருமூச்சு விடுகிற மாதிரி ஒருமுறை குலுங்கி நகர்ந்தாள். சுக்கானைக் கௌதம் கொடுக்க மாட்டேன் என்றான். உள்ளங்கையில் கொப்புளம் வந்தும் கொடுக்கவில்லை. “அங்கிள், பச்சை துள்ளுது, கயிற விடவா?” என்று என்னிடம் கேட்டான். என்னிடம். விடு தம்பி, விடு என்றேன்.

மாலை நாங்கள் லூமுட் கரைக்கு வந்தபோது, கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வழக்கம்போல போனைத் தூக்கினார்கள். பாய் விரித்த கிழட்டுப் படகு முன்னால், பளபளக்கிற நீலா கயிற்றில் பின்னால், அதில் சவரிமுத்து அண்ணன் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கௌதமின் மனைவிக்கு அந்தப் படம் போய், அவள் உடனே செய்தி அனுப்பினாள். “யாரு யார இழுக்கிறது?”

கரையில் நின்று கௌதம் கயிற்றின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கனகாவ இழுத்துட்டு வந்தா விக்கணும்னுதான் பேச்சு” என்றான் கடைசியில். “கனகா இழுத்துட்டு வந்தா என்னான்னு நம்ம பேசல.”

“அப்ப?”

“அப்ப ஒன்னுமில்ல மா.” கையை ஊதிக்கொண்டே காடிக்குப் போனான். உயிர்காப்பு அங்கியைக் கழற்ற மறந்து கோலாலம்பூர் வரை அதோடுதான் ஓட்டிக்கொண்டு போனானாம்.

டாக்டர் என் கையைப் பிடித்தார். அவரும் போன பிறகு அண்ணன் கனகாவுக்குப் பக்கத்தில் வந்தார். பாயின் அடியில் வரிசையாக இருந்த ஊசி ஓட்டைகளை விரலால் தடவினார். இன்று வேலை போய்விடும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கனகாவின் மேல் கையை வைத்தார்.

“மன்னிச்சிக்கமா,” என்றார்.  “நம்ம ஆளுதான்.”

மறுநாள் திங்கட்கிழமை, நீலாவைச் சரிபார்க்கலாம் என்று ஏழு மணிக்கே சாமான் பெட்டியோடு போனேன். எனக்கு முன்னால் அண்ணன் வந்திருந்தார். நீலாவுக்குள் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிட வாயெடுத்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிக்கமா. ஒன்மேல ஒரு தப்பும் இல்ல. ஊரு முன்னால உன்ன அசிங்கப்படுத்திட்டேன்.”

கையை உள்ளே விட்டு டீசல் குழாயின் திருகைத் திறந்தார். எஞ்சினுக்குப் போன காற்றை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பினார். நீலா உடனே எழுந்தது.

நான் சத்தம் போடாமல் வாசல் வரை பின்னால் நடந்து போய், அங்கிருந்து பலமாக இருமிக்கொண்டு திரும்ப வந்தேன். என்ன கோளாறு அண்ணே என்று கேட்டேன். வயசாச்சுல்ல என்றார். பழுதுப் புத்தகத்தை எழுதுவது என் வேலை. காரணம் என்ற கட்டம் வரை வந்து பேனாவை வைத்துவிட்டேன்.

சவரிமுத்து அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. கனகா இன்னும் ஓடுகிறாள். மாதம் இரண்டு தடவை கௌதம் வந்து ஓட்டுகிறான், டாக்டர் தொப்பியோடு உட்கார்ந்து அவனைக் குறை சொல்கிறார். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. டாக்டருக்கு வரும், ஆனால் சொல்ல மாட்டார். ஆகவே எழுதிவிட்டேன்.

ஷர்மிளா, அந்தக் கட்டத்தில் ‘டீசல் குழாய் மூடியிருந்தது’ என்று போட்டுக்கொள். யார் மூடியது என்று உன் சிஸ்டம் இன்னொரு கட்டம் காட்டினால், அதைக் காலியாக விடு. காலியாக விட அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ‘நம்ம ஆளு’ என்று போடு.